கோழி நெஞ்செலும்பும் முழங்கால் மாத்திரையும்

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்குப் போகிற வழியில் மத்திகிரி வரும். கோழி வளர்ப்பையே பட்டப்படிப்பாகச் சொல்லித் தரும் அரசுக் கல்லூரி அங்கே இருக்கிறது. பண்ணைக் கறிக்கோழி ஏறக்குறைய ஆறு வாரத்தில் கடைக்கு வந்துவிடும். அந்த வயதில் அதன் நெஞ்செலும்பின் நுனி முற்றியிருக்காது. கடித்தால் நறுக்கென்று உடையும் குருத்தெலும்புதான். மூட்டுவலிக்கு விற்கும் ஒருவகைக் கொலாஜன் மாத்திரைக்கு மூலப்பொருள் இதுவே.

கொலாஜன் ஒரு புரதம். மூன்று இழைகளை முறுக்கித் திரித்த கயிறு போன்றது. இந்த அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டுபிடித்து 1954-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். ஆராய்ச்சிக்கு உதவியது மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வாங்கிய கங்காரு வால் தசைநாண். சென்னையில் கங்காரு வால்!

கொதிக்க வைத்தால் இந்த முறுக்கு பிரிந்துவிடும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கட்டியாக உறைவது அதனால்தான். குடித்தபின் அதுவும் மற்றப் புரதங்களோடு சேர்ந்து செரிக்கிறது. முழங்காலுக்கு நேர்வழி கிடையாது. நாளுக்குப் பத்து கிராம் வரை கரைத்துக் குடிக்கச் சொல்லும் கொலாஜன் பொடியும் இப்படி உடைக்கப்பட்டதுதான். அது மூட்டைக் காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் சொல்லிவிட்டது.

கோழிக் குருத்து மாத்திரையின் கணக்கு வேறு. சூடு காட்டாமல், முறுக்குக் கலையாமல் தயாரிக்கிறார்கள். அளவு நாளுக்கு வெறும் 40 மில்லிகிராம். தேய்ந்த மூட்டை இட்டு நிரப்ப இது எந்த மூலைக்கும் காணாது. நம் மூட்டுக் குருத்தெலும்பில் இருப்பதும் இதே இரண்டாம் வகைக் கொலாஜன்தான். குடலை ஒட்டியுள்ள நோயெதிர்ப்புச் செல்களுக்கு அதைத் தினமும் கொஞ்சம் காட்டிப் பழக்கினால், மூட்டின் மீதான அவற்றின் சீற்றம் தணியும் என்பதே கருதுகோள்.

1993-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், கடுமையான முடக்குவாதம் கொண்ட 60 பேரிடம் சோதித்ததில், கோழிக் கொலாஜன் சாப்பிட்டவர்களில் நால்வருக்கு நோய் முழுதாக அடங்கியது. பின்வந்த சோதனைகள் எல்லாம் அவ்வளவு தெளிவாக இல்லை. முழங்கால் தேய்மானமுள்ள 191 பேரிடம் தென்னிந்திய மையங்களில் 180 நாள் நடந்த சோதனை 2016-இல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் கோழிக் குருத்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வலியும் விறைப்பும் குறைந்தன. செலவை ஏற்றது அந்தச் சரக்கை விற்கும் நிறுவனம். இதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

வாங்குகிறவர்கள் டப்பாவில் ‘சிதைக்கப்படாத இரண்டாம் வகை’ என்று பொருள்படும் குறிப்பு உண்டா என்று பார்க்கலாம். அசைவத்தைக் குறிக்கும் பழுப்பு முக்கோணமும், மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்ற வரியும் அதிலேயே இருக்கும். கோழி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாது. முடக்குவாதத்துக்கு மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறினால், அதற்குள் மூட்டு நிரந்தரமாகக் கெட்டுவிடக்கூடும்.