கணினிச் செல்வமும் அதன் காப்பும்

மக்கள் ஈட்டும் பொருள்களுள் இழந்தபின் மீண்டும் ஈட்டத்தக்கனவும் உள, ஈட்டவியலாதனவும் உள. வீடு இடிந்தால் மீண்டும் கட்டலாம். ஆடையும் அணியும் தொலைந்தால் மீண்டும் வாங்கலாம். மறைந்த தந்தையின் குரலைப் பதிந்து வைத்த ஒலிப்பதிவு தொலைந்தால் அதனை எந்தக் கடையில் வாங்குவது? மூன்றாண்டு முயன்று எழுதிய ஆய்வுக் கட்டுரை அழிந்தால் அதே சொற்களை அதே ஒழுங்கில் மீண்டும் எழுதவல்லார் யார்? இத்தகைய மீட்டற்கரிய பொருள்கள் முன்னாளிற் பெட்டகத்திலும் அலுமாரியிலும் இருந்தன. இந்நாளில் அவற்றுட் பெரும்பாலன இல்லத்துக் கணினியினுள்ளே இருக்கின்றன. பெட்டகத்துக்குப் பூட்டிட்ட நாம் கணினியில் உள்ளவற்றுக்கு யாதொரு காப்புஞ் செய்யாதிருக்கின்றோம். அக்காப்பு யாது, அஃது ஏன் வேண்டும், அதனைச் செய்யுமாறு எங்ஙனம் என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

யாம் நன்கறிந்த ஆசிரியர் ஒருவர், பன்னீராண்டுகளாகத் தாம் ஆயத்தஞ் செய்த பாடக்குறிப்புகளையும் வினாத்தாள்களையும் ஒரு மடிக்கணினியிலே தொகுத்து வைத்திருந்தார். ஒருநாட் காலை அக்கணினி இயங்கவில்லை. பழுது பார்ப்போர் சில நாளில் அதனைச் சீர்செய்து கொடுத்தனர். ஆயின் வன்தட்டு மாற்றப்பட்டிருந்தது. கணினி மீண்டது, குறிப்புகள் மீளவில்லை. "இயந்திரந்தானே பழுதாயிற்று, என் எழுத்து எங்கே போயிற்று?" என்று அவர் கேட்டார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அதற்கு விடை காண்பதற்குக் கணினி எழுத்தை எங்ஙனந் தாங்குகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். காகிதத்தில் எழுதியது மையாய் நிற்கும். கணினியில் எழுதியது பூச்சியம், ஒன்று என்னும் இரு குறிகளின் வரிசையாய் நிற்கும். வன்தட்டிலே இக்குறிகள் காந்தத் திசைகளாகப் பதியப்படுகின்றன. 1956 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு, ஐம்பது பெருந்தட்டுகளைக் கொண்டிருந்தும் ஐந்து மில்லியன் எழுத்துகளையே தாங்கியது. இன்று உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டு அதனினும் இலட்சக்கணக்கான மடங்கு தாங்கும். எனினும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. காந்தப்பூச்சுடைய தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, அதன்மேல் வாசிக்குந் தலையொன்று தட்டைத் தொடாது மிதந்து செல்லும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி, தலைமயிர் ஒன்றின் பருமனில் ஆயிரத்திலொரு பங்கினுங் குறைந்தது. இயங்கிக்கொண்டிருக்குங் கணினி கீழே விழின், அத்தலை தட்டிற் பட்டுப் பூச்சைச் சுரண்டிவிடக்கூடும். சுரண்டப்பட்ட இடத்திலிருந்த எழுத்து மறைந்தது மறைந்ததே.

புதிய கணினிகள் பலவற்றிலும் கைப்பேசிகளிலும் பென் ட்ரைவ்களிலும் சுழலுந் தட்டு இல்லை. பளிச்சீட்டு நினைவகத்தின் நுண்ணிய கலங்களிலே சிறைப்பட்ட இலத்திரன்களே அங்கு எழுத்தாகின்றன. இவை அதிர்ச்சியால் எளிதிற் கெடா. ஆயினும் ஒவ்வொரு கலத்திலும் எழுதி அழிப்பதற்கு ஓர் எல்லையுண்டு. மின்னூட்டமின்றி ஆண்டுக்கணக்கிற் கிடப்பின் சிறைப்பட்ட மின்னேற்றம் மெல்லக் கசியும். முன்னறிவிப்பு யாதுமின்றி ஒரே கணத்தில் முழுவதும் ஓய்ந்துவிடுதலும் உண்டு. ஆகவே, எழுத்து என்பது அதனைத் தாங்கும் பொருளின் ஒரு நிலையேயாம். தாங்கும் பொருள் கெடின் எழுத்துங் கெடும். அவ்வெழுத்து வாழவேண்டுமாயின் வேறொரு பொருளிலும் அது முன்னரே இடம்பெற்றிருத்தல் வேண்டும்.

இவ்வுண்மை நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஓலை செல்லரிக்கும், ஒடியும் என்பதறிந்தே அவர்கள் ஏடுகளைக் காலந்தோறும் பெயர்த்தெழுதினர். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இன்று நமக்குக் கிட்டவில்லை. முத்தொள்ளாயிரமும் முழுமையாகக் கிடைத்திலது. புறத்திரட்டைத் தொகுத்தவர் தம் தொகையிற் சேர்த்தமையால் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட செய்யுள்கள் தப்பின. மூலம் மறைந்தபோது வேறோரிடத்தில் இருந்த பிரதியே காத்தது என்பது இதனாற் பெறப்படும். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டால் ஒடியும் ஏடுகளின் நிலைக்கு இரங்கி எழுதினார். அச்சு என்பதும் ஒரு பிரதியைப் பல நூறாக்கிப் பல ஊர்களில் வைக்குங் காப்பேயாம். 1981 ஆம் ஆண்டு மே முடிந்து யூன் பிறந்த நாள்களில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அவற்றுள் வேறிடத்தும் பிரதியுடைய நூல்களைத் தேடிச் சேர்த்தல் இயலும். பிரதியில்லா ஏடுகள் எக்காலத்துந் திரும்பா. ஒரு பெருநூலகத்துக்குப் பொருந்தும் இவ்விதி நம் மேசைமேலுள்ள சிறு கணினிக்கும் பொருந்தும்.

இனி, கணினியில் உள்ளவற்றுக்கு நேருங் கேடுகளை ஐந்தாகப் பகுத்துக் காண்பாம். முதலாவது, மேலே காட்டிய கருவிக்கேடு. இரண்டாவது, கைப்பிழை. ஒரு கோப்பை அழிக்குமாறு பணித்தாற் கணினி அதன் பெயரை அட்டவணையினின்று நீக்கி, அவ்விடம் வெறுமையானது எனக் குறித்துக்கொள்ளும். வன்தட்டில் வேறொன்று அவ்விடத்தில் எழுதப்படும்வரை அதனை மீட்டல் ஓரளவு இயலும். பளிச்சீட்டு நினைவகத்திலோ அவ்வெறுமையான இடம் விரைவிலே துடைக்கப்படுமாதலின் மீட்டல் மிக அரிது. மேலும், பழைய கோப்பின்மேற் புதியதைத் தவறாகச் சேமித்தாற் பழையது எங்கும் எஞ்சுவதில்லை. மூன்றாவது, நச்சுநிரல். 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் வான்னகிறை என்னும் நிரல் ஏறத்தாழ 150 நாடுகளிற் பரவிக் கணினிகளிலிருந்த கோப்புகளை மறைகுறியாக்கிப் பூட்டியது. திறப்பதற்குப் பணங் கேட்டது. நான்காவது, மின்னாலாகுங் கேடு. இடிமழைக் காலத்து மின்னல் கம்பிவழி புகுந்து, கணினியையும் அதனோடு இணைந்த யாவற்றையும் ஒருங்கே எரித்துவிடும். ஐந்தாவது, களவு, தீ, வெள்ளம் என இல்லத்துக்கே நேருங் கேடு. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் வீட்டோடு சான்றிதழ்களையும் படங்களையும் இழந்தோர் நம்மிடையே பலர்.

இவ்வைந்தையும் ஒருங்கு நோக்கின் ஓருண்மை புலப்படும். ஒரு கேட்டுக்குத் தப்பும் பிரதி மற்றொரு கேட்டுக்குத் தப்புமென்பதில்லை. அதே வன்தட்டில் வேறொரு கோப்புறையில் வைத்த பிரதி கைப்பிழைக்குத் தப்பலாம், கருவிக்கேட்டுக்குத் தப்பாது. கணினியோடு எப்பொழுதும் இணைத்து வைத்த புறவன்தட்டு கருவிக்கேட்டுக்குத் தப்பும். நச்சுநிரலுக்கும் மின்னலுக்குந் தப்பாது. அலுமாரியில் வைத்த வன்தட்டு அவற்றுக்குத் தப்பும்; தீக்கும் வெள்ளத்துக்குந் தப்பாது.

கணிதம் பயில்வோர்க்கு இதனை வேறொரு வகையால் விளக்கலாம். ஒரு வன்தட்டு குறித்த ஒரு மாதத்திற் கெடுவதற்குரிய நிகழ்தகவு நூற்றிலொன்று எனக் கொள்வோம். இரு வன்தட்டுகளும் அம்மாதத்திலேயே கெடுவதற்குரிய நிகழ்தகவு பதினாயிரத்திலொன்று. மூன்றாயின் பத்து இலட்சத்திலொன்று. பிரதி ஒன்று கூடுந்தோறும் காப்பு நூறு மடங்காகின்றது. ஆயின் இப்பெருக்கல் அவை ஒன்றையொன்று சாராதிருக்கும்போதே செல்லும். மூன்றும் ஒரே அறையில் இருப்பின் ஒரு தீ மூன்றையும் உண்ணும். அப்பொழுது மூன்றும் ஒன்றேயாம். ஆகவே பிரதிகளின் எண்ணிக்கையினும் அவை தனித்து நிற்றலே தலையாயது.

இக்கருத்தை எளிதில் நினைவிலிருத்துமாறு பீற்றர் குரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஒரு விதியைப் பரவச் செய்தார். அது மூன்று, இரண்டு, ஒன்று என்பதாம். பிரதிகள் மூலத்தோடு மூன்றாதல் வேண்டும். அவை இருவகைப் பொருள்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும். இல்லத்தார் ஒருவர் இதனைக் கைக்கொள்ளுதல் அரிதன்று. கணினியில் உள்ளது மூலம். வாரமொருமுறை இணைத்துப் பிரதியெடுத்தபின் கழற்றி அலுமாரியில் வைக்கும் புறவன்தட்டு இரண்டாவது. இணையவழிச் சேமிப்பிடத்தில் உள்ளது மூன்றாவது. இணைய வசதி குறைந்தோர் மற்றொரு வன்தட்டை வேற்றூரிலுள்ள உறவினரில்லத்தில் வைத்து, நன்மை தீமைகளுக்குச் செல்லுந்தோறும் மாற்றி வரலாம்.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். கைப்பேசிப் படங்களும் கணினிக் கோப்புகளும் இணையத்திலுந் தாமே பதிவாகின்றனவாதலின் வேறு காப்பு வேண்டாவெனப் பலர் கருதுவர். அவ்வசதிகளுட் பல ஒத்திசைவு எனப்படும். ஒத்திசைவு என்பது ஈரிடத்தையும் ஒன்றுபோல வைத்தல். ஓரிடத்திற் கோப்பை அழித்தால் மற்றையிடத்திலும் அஃது அழியும். ஓரிடத்திற் பிழைபட்டால் மற்றையிடத்திலும் பிழைபடும். அழித்தவற்றைச் சில நாள்கள் வைத்திருந்து தருஞ் சேவைகளும் உள. எனினும் அந்நாளெல்லை கடந்தபின் உணரும் பிழைக்கு மருந்தில்லை. ஆதலின் நேற்றைய நிலை, சென்ற வாரத்து நிலை, சென்ற மாதத்து நிலை எனப் பழைய வடிவங்களையுங் காத்துத் தருவதே முழுமையான காப்பு. விண்டோஸ் கணினிகளிலுள்ள பைல் ஹிஸ்ரரி, அப்பிள் கணினிகளிலுள்ள ரைம் மெஷின் ஆகியன இப்பணியைத் தாமே செய்வன. பின்னையது கடந்த ஒரு நாளுக்கு மணிதோறும், கடந்த ஒரு மாதத்துக்கு நாடோறும், அதற்கு முன்னர் வாரந்தோறும் எனப் பிரதிகளைப் பேணும். வன்தட்டு நிரம்பும்போது மிகப் பழையதை நீக்கும். முதன்முறை யாவற்றையும் பிரதிசெய்து, பின்னர் மாறியவற்றை மட்டுஞ் சேர்ப்பதால் இதற்குக் காலமும் இடமும் மிகுதியாக வேண்டா.

பிரதியெடுத்தவுடன் காரியம் முடிந்ததெனக் கொள்ளுதலுந் தவறு. 1998 ஆம் ஆண்டு பிக்சார் நிறுவனத்தில் ரோய் ஸ்ரோரி 2 என்னுந் திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, தவறாக இடப்பட்ட ஒரு கட்டளையாற் படத்தின் பெரும்பகுதி கணினியினின்று அழிந்தது. காப்புப்பிரதி உண்டென்று யாவரும் நம்பியிருந்தனர். எடுத்துப் பார்த்தபோதே அது பழுதுற்றிருந்தமை தெரிந்தது. அப்படத்தின் தொழில்நுட்ப மேற்பார்வையாளருள் ஒருவரான கலின் சுஸ்மன், மகவீன்ற காலத்தில் வீட்டிலிருந்து பணிசெய்தற்பொருட்டுப் படத்தின் பிரதியொன்றைத் தம் இல்லக் கணினியில் வைத்திருந்தார். அப்பிரதியே அழிந்தவற்றுட் பெரும்பகுதியை மீட்டது. படம் 1999 இல் வெளிவந்தது. பெருநிறுவனத்தின் சோதிக்கப்படாத காப்பு கைவிட்டது. வேறிடத்திலிருந்த இல்லக் கணினி கைகொடுத்தது. ஆதலின் திங்களொருமுறையேனும் காப்புப்பிரதியிலிருந்து சில கோப்புகளை எடுத்துத் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பார்க்கப்படாத பிரதி நம்பிக்கையேயன்றிக் காப்பன்று.

வேறு இரு எச்சரிக்கைகளும் உள. பிறர் காணலாகாதவற்றை மறைகுறியாக்கி வைத்தல் நன்று. ஆயின் கடவுச்சொல்லை மறந்தால் உரியவரும் அவற்றைத் திறக்க இயலாது. எனவே அதனைத் தாளில் எழுதி, நம்பத்தக்க ஓரிடத்தில் வைத்தல் வேண்டும். வன்தட்டுங் காலத்தால் மூப்பெய்துவது. சில ஆண்டுகளுக்கொருமுறை அதிலுள்ளவற்றைப் புதியதொன்றுக்கு மாற்றுதல், ஏடு பெயர்த்தெழுதிய பழைய வழக்கின் புதிய வடிவமாம்.

பன்னீராண்டுக் குறிப்புகளை இழந்த ஆசிரியர் மீண்டும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். பழைய மாணாக்கர் சிலரிடத்து அவர் முன்னாளில் அச்சிட்டுக் கொடுத்த தாள்கள் எஞ்சியிருந்தன. அவற்றை வாங்கி ஒவ்வொன்றாகத் தட்டெழுதிச் சேர்த்தார். தாம் அறியாமலே அவர் வேறிடங்களில் வைத்த பிரதிகள் அவையே. இன்று அவர் எழுதுவன மூன்றிடத்தில் உள. அவர் இழந்தபின் கற்றதை நாம் இழக்குமுன் கற்கலாம். நம் கணினியில் உள்ளவற்றுள் மீட்டற்கரியவை யாவை என இன்று மாலையே எண்ணிப் பார்ப்போமாக. அவற்றுக்குப் பிரதியொன்று எடுத்து வேறிடத்தில் வைத்தபின் உறங்கச் செல்வோமாக.