இசை பயில்தலும் பயிற்றுவித்தலும்

நன்றாகப் பாடுவோர் அனைவரும் நல்ல இசையாசிரியர் ஆகிவிடுவதில்லை. பாடுவது ஒரு கலை. பாடக் கற்பிப்பது மற்றொரு கலை. இவ்வேறுபாட்டைத் தமிழர் முன்பே உணர்ந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, இசையாசிரியன், யாழாசிரியன், குழலாசிரியன், தண்ணுமையாசிரியன் ஆகியோர்க்குரிய தகுதிகளைத் தனித்தனியே வகுத்துரைக்கிறது. மாதவி ஏழாண்டுகள் பயின்ற பின்னரே அரங்கேறினாள் என்றும் அக்காதை கூறுகிறது.

பிற்காலத்தில் இசைக்கல்வி பெரும்பாலும் குருகுல முறையில் நடைபெற்றது. மாணவர் ஆசிரியரின் இல்லத்தில் தங்கிக் கேட்டுக் கேட்டுப் பாடம் செய்தனர். கேள்வி ஞானத்தை ஆழமாக வளர்த்த இம்முறையில் ஒரு குறையும் இருந்தது. இசைக்குடும்பத்தில் பிறவாதவர் பலருக்கு ஆசிரியர் வீட்டுக் கதவு எளிதில் திறக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இசைக்கல்லூரியும் அதன் அங்கமாயிற்று. 1931இல் சென்னை மியூசிக் அகாதெமி, இசையாசிரியர்களை உருவாக்குவதற்கென்றே ஒரு கல்லூரியைத் தொடங்கியது. 1949இல் சென்னையில் அரசு இசைக்கல்லூரி நிறுவப்பெற்றது. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வரானார். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி, இசைப்பாடங்களை மாணவர் படிப்படியாகப் பயிலத்தக்க நூல்களாக ஆக்கினார். 2013இல் இசைக்கும் கவின்கலைக்கும் தமிழ்நாட்டில் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது.

ஆசிரியப் பயிற்சியின் தேவை யாது? குருவின் முன் ஓரிருவர் அமர்வர். பள்ளி வகுப்பிலோ நாற்பது பேர் அமர்வர். ஒருவர் குரலுக்கு ஏற்ற சுருதி மற்றவர்க்கு ஏற்காது. குரல் உடையும் பருவத்து மாணவரை உச்சத்தில் பாடுமாறு வற்புறுத்தினால் தொண்டை வருந்தும், ஆர்வமும் குன்றும். தாளம் பிறழும்போது, பிறழ்ந்த இடத்தைக் கண்டறிந்து அவ்விடத்தை மட்டும் மெதுவாகப் பயிற்றுவிக்க வேண்டும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்னும் வரிசையில் ஒரு படி உறுதிப்பட்ட பின்னரே அடுத்த படிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தாம் இயல்பாகப் பாடுவதைப் பிறர்க்கேற்பப் பகுத்துக் காட்டும் திறனே பயிற்சியின் பயன்.

ஓமலூர் வட்டாரத்துத் திருவிழாக்களில் நாகசுரமும் தவிலும் பம்பையும் இன்றும் முழங்குகின்றன. அவ்வொலியைக் கேட்டு வளரும் மாணவர், முறையாகப் பயிலச் சேலத்து அரசு இசைப்பள்ளியை நாடலாம். பின்னர்க் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் தொடரலாம். அவருள் ஒருவர் ஆசிரியராகித் தம் ஊர்ப் பள்ளிக்குத் திரும்புவாராயின், இசை கேட்கும் வாய்ப்பு மட்டுமே பெற்றிருந்த பிள்ளைகள் இசை கற்கும் வாய்ப்பையும் பெறுவர்.