கோபர் கேஸ் அடுப்பில் தண்ணீர் வருதா?



ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் சாண எரிவாயுக் கலன் இருக்கிற வீடுகளிலிருந்து ஒரே மாதிரி புகார்தான் வரும். "அடுப்பு பத்த வச்சா தீ குதிக்குது, மூச்சு வாங்குற மாதிரி ஏறி இறங்குது, அப்புறம் பொசுக்குன்னு அணைஞ்சு போகுது" என்பார்கள். "பர்னர்லேர்ந்து தண்ணி சொட்டுது அக்கா" என்றும் சொல்வார்கள். உடனே வீட்டில் என்ன முடிவு எடுக்கிறோம்? கலன் கெட்டுப்போச்சு, இனிமே தேறாது. சாணம் கரைத்து ஊற்றுவதை நிறுத்திவிடுகிறோம். மறுபடியும் விறகு, மறுபடியும் புகை. 1981-82-ல் மத்திய அரசு தேசிய சாண எரிவாயுத் திட்டத்தை ஆரம்பித்த நாளிலிருந்து மானியத்தில் கட்டிய கலன்களில் எத்தனையோ இப்படித்தான் குப்பைக்குழியாகிப் போயின.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 2 கன மீட்டர் கலனுக்கு தினமும் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். அது முழுசாக ஓடினால், மாதத்துக்கு கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் சிலிண்டர் சமையல் எரிவாயுவுக்குச் சமம். கூடவே வயலுக்கு எரு. இவ்வளவையும் பல வீடுகளில் நிறுத்தி வைத்திருப்பது பைப்புக்குள் தேங்கி நிற்கிற ஒரு டம்ளர் தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருது? இட்லிப் பானை மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்குமே, அதே கதைதான். கலனுக்குள் சாணக் கரைசல் வெதுவெதுப்பாக இருக்கும். அதிலிருந்து கிளம்பும் எரிவாயு ஈர ஆவியையும் சேர்த்துக்கொண்டுதான் வரும். வெளியே பைப் குளிர்ந்திருந்தால் ஆவி தண்ணீராகி உள்ளேயே வழியும். அதனால்தான் மழையிலும் மார்கழிப் பனியிலும் தொல்லை அதிகம். சித்திரை வெயிலில் இந்தப் பேச்சே இருக்காது. கலன் கெட்டதால் வருகிற தண்ணீர் இல்லை இது. நல்லா வேலை செய்கிற கலனிலும் வரும்.

எவ்வளவு வரும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது முக்கியம். 2 கன மீட்டர் கலனில் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு டம்ளர். குளிர் அதிகமாக இருந்தால் இன்னும் கொஞ்சம். இந்த அளவை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு டம்ளர் தண்ணீர் அடுப்பை அணைத்துவிடுமா என்று கேட்கலாம். அணைக்கும். மிதக்கும் டிரம் வைத்த கலனில் எரிவாயுவுக்கு இருக்கிற வேகம், சுமார் 10 செ.மீ. உயரத் தண்ணீரைத் தள்ளுகிற அளவுதான். பைப் எங்கேயாவது தொய்ந்து, அந்தப் பள்ளத்தில் நாலைந்து விரல்கடை தண்ணீர் நின்றுவிட்டால் அதற்கு மேல் எரிவாயு வராது. அதைவிடக் குறைவாக நின்றால் தண்ணீரை முட்டி முட்டி வரும், தீ குதிக்கும், பைப்பில் 'களக் களக்' என்று சத்தம் கேட்கும். 1984-ல் வந்த தீனபந்து மாதிரி டூம் கலன்களில் கதை கொஞ்சம் வேறு. காலையில் எரிவாயு நிறைந்திருக்கும்போது வேகம் அதிகம், தண்ணீரைத் தாண்டி வந்துவிடும். சமைக்கச் சமைக்க வேகம் குறையும். "காலையில நல்லா எரியுது, சாயங்காலம்தான் ஆட்டம் காட்டுது" என்று சொன்னால் பைப்பில் தண்ணீர் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தீ ஆடாமல், ஆனால் சிறுசாக எரிந்தால் அது வேறு கோளாறு. எரிவாயு குறைவாக இருக்கலாம், பர்னர் துளை அடைத்திருக்கலாம். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்று போதவில்லை, காற்றுத் துவாரத்தைத் திறந்து வையுங்கள். குதித்தால்தான் தண்ணீர்.

சரி, எப்படி எடுப்பது? நல்ல கொத்தனார் கட்டியிருந்தால் கலனுக்கும் அடுப்புக்கும் நடுவில், பைப்பின் ஆகத் தாழ்ந்த இடத்தில், ஒரு டீ பைப்பும் அதன் அடியில் சின்னக் குழாயும் வைத்திருப்பார். தண்ணீர் எடுப்பதற்கென்றே வைத்தது அது. பல வீடுகளில் அது இருப்பதே தெரியாமல் மண் மூடிக் கிடக்கிறது! தேடிப் பாருங்கள். காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன்னால் இந்த வேலையைச் செய்வது நல்லது, ராத்திரிக் குளிருக்கு இறங்கிய தண்ணீர் எல்லாம் அங்கே சேர்ந்திருக்கும். பக்கத்தில் விளக்கு, பீடி, விறகடுப்பு எதுவும் எரியக் கூடாது. அடுப்புக் குழாயை மூடிவிட்டு, அடியில் ஒரு கிண்ணம் வைத்து, தண்ணீர்க் குழாயை மெதுவாகப் பாதி திறங்கள். தண்ணீர் வழிந்து முடிந்து 'உஸ்' என்று சத்தம் வந்ததும் மூடிவிடுங்கள். வாரம் ஒருமுறை போதும். மழைக்காலத்தில் இரண்டு முறை.

அந்தக் குழாயே வைக்கவில்லை என்றால்? கலன் பக்கத்திலுள்ள கேட் வால்வை இறுக மூடுங்கள். ஜன்னல், கதவைத் திறந்து வையுங்கள். அடுப்பில் மாட்டியிருக்கும் ரப்பர் டியூபைக் கழற்றி, தரையோடு தாழ்த்தி ஒரு செம்புக்குள் பிடித்தால் தண்ணீர் கொட்டும். இது அவசரத்துக்குத்தான். ஒரு டீயும் குழாயும் வாங்கி பிளம்பரை வைத்து மாட்டிவிட்டால் தொல்லை விட்டது. அப்படியே பைப் வாட்டத்தையும் சரி பார்க்கச் சொல்லுங்கள். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம், தண்ணீர்க் குழாயைப் பார்த்தோ கலனைப் பார்த்தோ இருக்க வேண்டும். மேடை மேல் அடுப்புக்குப் பின்னால் டியூப் பாம்பு மாதிரி வளைந்து தொங்கினால் அதை வெட்டிச் சின்னதாக்குங்கள். பாதித் தண்ணீர் அந்த வளைவில்தான் நிற்கும்.

இப்போது அந்த ஒரு டம்ளர் கணக்குக்கு வருவோம். எடுத்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் பாருங்கள். கொஞ்சமாக, தெளிவாக இருந்தால் கவலையே வேண்டாம். செம்பழுப்பாக இருந்தால் இரும்பு பைப் உள்ளே துருப்பிடிக்கிறது. சாண எரிவாயுவில் அழுகின முட்டை நாற்றம் வருகிறதே, அந்த வாயுவும் ஈரமும் சேர்ந்தால் இரும்பைத் தின்றுவிடும். கலங்கலாக, சாண நாற்றத்தோடு வந்தால் கரைசலே பைப்புக்குள் ஏறுகிறது. அளவுக்கு மீறி ஊற்றியிருப்பீர்கள், அல்லது எரு வெளியேறும் வழி அடைத்திருக்கும். அடைப்பை எடுங்கள். சாணமும் தண்ணீரும் சமமாகக் கரைத்து ஊற்றுங்கள்.

ஒரு சொம்பு, அரைக் குடம் என்று வந்தால், எடுத்த மறுநாளே மறுபடி நிறைந்தால், அதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். மழைத் தண்ணீரோ ஊறல் தண்ணீரோ மண்ணுக்குள் இருக்கிற பைப்பில் ஓட்டை வழியாக நுழைகிறது. தண்ணீர் உள்ளே வருகிற ஓட்டை வழியாக, மண் காய்ந்தபின் எரிவாயு வெளியே போகும். சுவர் ஓரமாகப் போகிற பைப்பாக இருந்தால் அந்த வாயு வீட்டுக்குள்ளேயே வந்து தங்கலாம். இதைத் தண்ணீர்க் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்.

கசிவு பார்க்க சோப்பு நுரை போதும். குளியல் சோப்பைக் கரைத்து ஒவ்வொரு இணைப்பிலும், வால்விலும், டியூபிலும் தடவுங்கள். குமிழி ஊதினால் அங்கே கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற பழக்கம் சில ஆண்களுக்கு இருக்கிறது, கையைப் பிடித்து நிறுத்துங்கள். மிதக்கும் டிரம்மில் இன்னும் சுலபம், மழை பெய்து மேலே தண்ணீர் தேங்கும்போது பாருங்கள், ஓட்டை இருந்தால் அங்கே குமிழி கிளம்பும்.

டூம் கலனில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ராத்திரி சமையல் முடிந்ததும் கேட் வால்வை மூடி, எரு வெளியேறும் தொட்டிச் சுவரில் கரைசல் மட்டத்துக்குக் கரியால் கோடு போடுங்கள். உள்ளே எரிவாயு சேரச் சேர கரைசல் மேலே தள்ளப்படும். விடிந்து பார்த்தால் மட்டம் கோட்டுக்கு மேலே ஏறியிருக்க வேண்டும். அங்கேயே நின்றால் டூமில் கசிவு இருக்கலாம். நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனால் சுவரில் விரிசல், கரைசல் மண்ணுக்குள் போகிறது. இரண்டுக்கும் பழக்கப்பட்ட கொத்தனார்தான் வர வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. விரிசல் பார்க்கிறேன், அடைப்பு எடுக்கிறேன் என்று யாரும் கலனுக்குள் தலையை விடவோ இறங்கவோ கூடாது. காலியாகத் தெரிந்தாலும் உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது, விஷவாயு இருக்கும். ஒருவர் மயங்கி விழுந்து, தூக்கப் போனவரும் விழுந்த சாவுகள் நம் நாட்டில் எத்தனையோ. வீட்டுக்காரர் "ரெண்டு நிமிஷ வேலைதான்" என்பார், விடாதீர்கள். அடைப்பு எடுக்க மேலே நின்றபடி நீளக் கம்பு போதும்.

சமையலறையில் முட்டை நாற்றம் அடித்தால் வெளியே போய் கேட் வால்வை மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்து விடுங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.

இந்த வேலைக்கு ஒரு பைப் ரெஞ்சும் டேப்பும் இருந்தால் போதும். ஒவ்வொரு வீடும் தனியாக வாங்க வேண்டியதில்லை. குழுச் சேமிப்பில் ஒரு செட் வாங்கி, குழுக் கூட்டம் நடக்கிற வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு வாருங்கள். மண் மூடியிருந்தால் மண்வெட்டியோடு தேடுங்கள், பைப் மேல் போட்டுவிடாமல்.