உங்களுக்குத் தெரியுமா? 'ஹேவ்' இருக்கும் இடத்தில் 'நேற்று' நுழையாது!

இந்த 'ஹேவ்' வாக்கியத்தின் பேர் என்னவோ 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்'. அப்பழுக்கில்லாதது என்றுதானே நினைத்தீர்கள்? லத்தீன் மூலத்தில் 'பெர்ஃபெக்ட்' என்றால் 'செய்து முடித்தது'. அவ்வளவுதான்!

உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியதற்கு 'ஹேஸ் ரன்' போடலாம். கூடவே '2009' என்று சேர்த்தீர்களோ, தொலைந்தது! ஆண்டு உள்ளே வந்தால் 'ஹேஸ்' வெளியே. 'ரேன்' மட்டும்தான்!

ஏன் இப்படி? மொழியியலாளர்களே மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வோல்ஃப்காங் கிளைன் 1992-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே 'பிரசன்ட் பெர்ஃபெக்ட் புதிர்'!

நம்மூர்க் கதையே வேறு. 'நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது.' வாசல் ஈரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோம். அதை அப்படியே ஆங்கிலமாக்கினால் மார்க் போச்சு!

'ஹேவ் யூ ஹேட் காபி திஸ் மார்னிங்?' காலை 11.59 வரை கேட்கலாம். மதியம் தாண்டிவிட்டதா? 'டிட் யூ ஹேவ்'தான்! கடிகாரம் பார்த்துப் பேசவேண்டிய இலக்கணம் ஐயா இது!

இப்போது என் செல்லக் கண்டுபிடிப்பு. (சரி, மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி காட்டியதுதான்!) 'ஐன்ஸ்டீன் ஹேஸ் விசிட்டட் பிரின்ஸ்டன்' என்றால் காதில் உறுத்தும். மனிதர் 1955-இலேயே போய்விட்டாரே! வாக்கியத்தைத் திருப்புங்கள்: 'பிரின்ஸ்டன் ஹேஸ் பீன் விசிட்டட் பை ஐன்ஸ்டீன்.' உறுத்தலே இல்லை! ஆள் போனால் என்ன, ஊர் இருக்கிறதே! உங்கள் இங்கிலீஷ் வாத்தியார் இதைச் சொன்னாரா?

லண்டனுக்கு 'ஹேஸ் பீன்' என்றால் ஆள் திரும்பிவிட்டார். 'ஹேஸ் கான்' என்றால் இன்னும் வரவில்லை!

சாப்பிட்டாச்சா? லண்டன்காரர் கேட்பது 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' அமெரிக்கர் 'டிட் யூ ஈட் யெட்?' என்றே முடித்துவிடுவார்!

'ஹேவ்' என்றால் 'வைத்திருக்கிறேன்' அல்லவா? பிரசன்ட் பெர்ஃபெக்டில் வரும் 'ஹேவ்'வுக்கும் அதே மூலம்தான்! 'எழுதி முடித்த கடிதம் கையில் இருக்கிறது' என்பதுபோலப் பேசிப் பேசியே 'எழுதியிருக்கிறேன்' ஆனது!

ஆனால் வருவதற்கும் போவதற்கும் அந்தக் கால ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் 'ஹேவ்' போடவில்லை. 'ஹி ஈஸ் கம்!' அச்சு அசல் நம் 'வந்திருக்கிறான்'!

செத்துப்போன வழக்கு என்று நினைக்காதீர்கள். 1945 அணுகுண்டுச் சோதனையைப் பற்றிப் பேசும்போது இயற்பியலாளர் ஓப்பன்ஹைமர் சொன்ன கீதை வாசகம் உலகப் பிரசித்தம். 'நௌ ஐ ஆம் பிகம் டெத்.' அதில் இருப்பது 'ஹேவ் பிகம்' அல்ல, 'ஆம் பிகம்'!