எஞ்சின் நின்றால் விமானம் விழுந்துவிடுமா?

திருக்கோகர்ணம் வழியாகத் திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில், நார்த்தாமலை அருகே, 2025 நவம்பர் 13 அன்று ஒரு சிறிய பயிற்சி விமானம் அவசரமாகத் தரையிறங்கியது. சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா அது. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள்.

வானத்தில் எஞ்சின் நின்றுபோனால் அத்தோடு எல்லாம் முடிந்தது என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விமானத்தைத் தாங்குவது இறக்கை. இறக்கைக்கு வேண்டியது வேகம். மிதிக்காமலே சரிவில் ஓடும் சைக்கிளைப் போல, மூக்கைத் தாழ்த்திக்கொண்டால் உயரம் குறையக் குறைய வேகம் கிடைத்துக்கொண்டே இருக்கும். செஸ்னா 172 இப்படி மணிக்கு ஏறத்தாழ 120 கி.மீ. வேகத்தில், ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஒன்பது மீட்டர் முன்னே போகும். 900 மீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு, வயலோ சாலையோ தேட எட்டு கிலோமீட்டர் கையில் இருக்கிறது.

ஓடுபாதையை விட்டு எழும்பிய மறு நிமிடமே எஞ்சின் நின்றால்தான் பேராபத்து. மூக்கு மேல்நோக்கி இருப்பதால் வேகம் சில நொடிகளில் வடிந்துவிடும். மூக்கை உடனே தாழ்த்த வேண்டும். தரை நெருங்கிவரும்போது அதை நோக்கியே விமானத்தைச் சாய்ப்பதற்கு மனம் லேசில் ஒப்பாது. அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். அடுத்து வரும் ஆசை, வந்த ஓடுபாதைக்கே திரும்புவது. பலரைக் கொன்றது இந்த ஆசைதான். 45 பாகை சாய்ந்து திரும்பும்போது, விழாமல் பறக்கத் தேவைப்படும் வேகம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அரைவட்டம் அடித்தாலும் ஓடுபாதைக்கு நேராக வர முடியாது, பக்கத்தில்தான் வந்து நிற்போம். தாழ்வான உயரத்தில் எதிரே தெரிகிற வெளியில் இறங்குவதே உயிர் காக்கும் வழி.

கோளாறைத் தரையிலேயே தடுக்கவும் ஏற்பாடு உண்டு. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் அது டேங்க்கின் அடியில் தங்கும். பறக்கும் முன் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குப் பொறி தர இரண்டு மேக்னட்டோ. ஒன்று பழுதானாலும் மற்றது ஓட்டும்.

மேக்னட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. ஆகவே நின்று கிடக்கும் புரொப்பல்லரைக் கையால் சுற்றினால்கூட எஞ்சின் சட்டென்று கிளம்பிவிடலாம். இறக்கைக்குள் பெட்ரோலும் இருக்கும். நம் ஊர்ச் சாலையில் இன்னொரு முறை விமானம் இறங்கினால், பீடி, சிகரெட் எதையும் பற்றவைக்காதீர்கள். புரொப்பல்லரைத் தொடாதீர்கள், செல்ஃபி எடுக்க நெருங்காதீர்கள். முதலில் 112-ஐ அழையுங்கள்.