வண்டி விளக்கும் வழிநடப்போரும்

திண்டுக்கல் சமவெளியின் சாலைகள் இரவில் உறங்குவதில்லை. நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் பறிக்கப்படும் மல்லிகை, மொட்டு விரியுமுன் சந்தையை அடைந்தாக வேண்டும். ஒட்டன்சத்திரம் சந்தையில் ஏற்றப்படும் முருங்கையும் தக்காளியும் காலைக்குள் கேரளத்துக் கடைகளில் இறங்கியாக வேண்டும். சிறுமலையின் வாழைத்தார்களும் நத்தத்து மாம்பழங்களும் பொழுது பார்த்துப் புறப்படுவன அல்ல. வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் வேலை முடித்தோரை ஏற்றிவரும் வேன்கள் ஒருபுறம். பால் கேன்களைச் சுமந்து செல்லும் மொபெட்டுகள் மறுபுறம்.

இந்தச் சுமைகளில் பெரும்பகுதியை இன்று சுமப்பவை சிறு சரக்கு வண்டிகளே. 2005-ஆம் ஆண்டு வெளிவந்து, மக்களால் ‘குட்டியானை’ என்று செல்லமாக அழைக்கப்படும் வண்டியும், அதனினும் சற்றுப் பெரிதான பிக்கப் வண்டியும் நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போடுகின்றன. கடன் வாங்கி எடுத்த வண்டி, மாதந்தோறும் தவணை, ஆகவே இரவு ஓட்டம். புது வண்டியை மந்திரிக்கக் கொண்டுவரும் நம் இளைஞர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சில மாதங்களுக்குள் அவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “சாமி, விளக்கு வெளிச்சம் பத்தவில்லை.”

இக்குறை நியாயமானதே. தெருவிளக்கில்லாத கிராமச் சாலையில், ஓரத்தில் கட்டிய மாடும், விளக்கின்றி நிற்கும் டிராக்டரும், கருநிறப் போர்வை போர்த்தி நடக்கும் முதியவரும் கடைசி நொடியில்தான் கண்ணில் படுகின்றனர். வெளிச்சம் வேண்டும் என்று விரும்புவதில் தவறு என்ன இருக்கிறது?

அவ்விருப்பத்துக்குக் கடைவீதியில் உடனே ஒரு விடையும் கிடைக்கிறது. பழைய பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே துளையில் எல்.இ.டி. பல்பு ஒன்றைச் செருகிவிடலாம். கால் மணி நேர வேலை. பெட்டியின் மேல் ‘20,000 லூமென்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். நம் வண்டிகளில் பெரும்பாலும் உள்ள எச்-4 வகை ஆலஜன் பல்புக்கு விதிக்கப்பட்டுள்ள ஒளியளவோ, டிம்மில் ஏறத்தாழ 1,000 லூமென், பிரைட்டில் ஏறத்தாழ 1,650 லூமென். இருபது மடங்கு வெளிச்சம் சில ஆயிரம் ரூபாய்க்கு என்றால் யார்தான் வேண்டாம் என்பார்? பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்புவோர் சந்தையில் எடைக்கல்லையும் பார்க்காமல் வாங்குவார்களோ என்னவோ!

பொய்யான எண்கூட இங்கே சிறு குறைதான். பெருங்குறை வேறிடத்தில் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, பழைய விளக்கு எவ்வாறு வேலை செய்கிறது என்று சற்றுப் பார்ப்போம்.

எச்-4 பல்பினுள் இரண்டு டங்ஸ்டன் இழைகள் உள்ளன. பின்னால் உள்ள கிண்ணம் போன்ற கண்ணாடியின் குவியத்தில் அமைந்திருப்பது பிரைட் இழை. அதன் ஒளி நேராக நெடுந்தொலைவுக்குப் பாய்கிறது. டிம் இழை குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் ஒளி, கிண்ணத்தின் மேற்பாதியில் பட்டால் தரை நோக்கி இறங்கும். கீழ்ப்பாதியில் பட்டால் வானம் நோக்கி ஏறும். ஏறும் ஒளிதான் எதிரே வருபவரின் கண்ணைக் குத்துவது. ஆகவே, அவ்விழைக்குக் கீழே கரண்டி போன்ற சிறு உலோகத் தகடு ஒன்றை வைத்து, கீழ்ப்பாதிக்கு ஒளி செல்லாதபடி மறைத்துவிட்டார்கள். இரவில் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி டிம் போட்டுப் பார்த்தால், கோடு கிழித்தாற்போல் கீழே வெளிச்சமும் மேலே இருளும் பிரிந்து நிற்பது இத்தகட்டினால்தான். இன்னும் கூர்ந்து பார்த்தால், அக்கோடு இடப்புறத்தில் சற்றே மேலேறுவதும் தெரியும். இடது ஓரத்தில் நடப்பவரையும் வழிகாட்டிப் பலகையையும் காட்டுவதற்காக அந்த ஏற்றம். வலப்புறம் எதிரே வருபவர் இருப்பதால் அங்கே ஏற்றமில்லை. வலப்புறம் செல்லும் நாடுகளில் இதையே இடம் மாற்றிச் செய்கிறார்கள். இழையின் இடம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் இந்த ஒழுங்கு கெட்டுவிடும்.

திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்கப் பெரிய உவமை தேட வேண்டியதில்லை. கிண்ணம் பூட்டு, பல்பு அதன் சாவி. ஒரு பூட்டுக்கென்று அராவிய சாவியை எடுத்துவிட்டு, பளபளப்பாக இருக்கிறதே என்று வேறொரு சாவியைத் திணித்தால் அது துளைக்குள் நுழையலாம், பூட்டு திறக்காது. எல்.இ.டி. பல்பில் மெல்லிய இழை இல்லை. ஒரு தகட்டின் இரு பக்கங்களிலும் பதித்த சில்லுகள் பக்கவாட்டில் ஒளி வீசுகின்றன. தகட்டுக்குப் பருமன் உண்டு. ஆகவே இழை இருக்க வேண்டிய இடத்தில் சில்லு அப்படியே பொருந்துவதில்லை. கிண்ணம் தனக்குப் பழக்கமில்லாத இடத்திலிருந்து வரும் ஒளியைக் கண்டபடி சிதறடிக்கிறது. கோடு அழிகிறது, ஒளி மேலே கிளம்புகிறது.

இங்கேதான் ஓட்டுநரும் ஏமாறுகிறார். புளியமரத்தின் கிளைகள் வெளுப்பாகத் தெரிகின்றன. வண்டியின் மூக்குக்கு முன்னால் பத்து மீட்டர் தரை பால் கொட்டியதுபோல் மின்னுகிறது. “ஆகா, என்ன வெளிச்சம்!” என்று மனம் மகிழ்கிறது. ஆனால், அருகில் உள்ள தரை மிகுதியாக ஒளிர்ந்தால் கண்மணி சுருங்கிவிடும்; தொலைவில் உள்ள மங்கலான பொருள் முன்னைவிட இருண்டு போகும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு வேண்டியது பத்து மீட்டர் தொலைவு அன்று. அறுபது எழுபது மீட்டர் தொலைவு. வெளிச்சம் கூடியதாகத் தோன்றும்போதே பார்வை குறைந்திருக்கக் கூடும். இதைச் சொன்னால் நம் இளைஞர்கள் எளிதில் ஒப்புவதில்லை. கண் கண்டதை மறுப்பது யாருக்கும் கடினமே.

எதிரே வருபவரின் நிலையையும் எண்ணுவோம். கண் கூசிய ஒருவர் தெளிவு பெறச் சில நொடிகள் ஆகும். மூன்றே நொடி என்று வைத்துக்கொண்டாலும், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அது ஐம்பது மீட்டர் குருட்டு ஓட்டம். வயது ஏறினால் கண்ணின் வில்லை மங்கத் தொடங்கி, உள்ளே வரும் ஒளியைச் சிதறச் செய்கிறது. அறுபது வயதுக்காரர் தெளிவு பெற இருபது வயதுக்காரரைவிட அதிக நேரம் பிடிக்கும். நீலச் சாயல் மிகுந்த வெள்ளொளி கூச்சத்தை இன்னும் கூட்டுகிறது.

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நடந்து சென்றோர் மட்டும் 32,825 பேர். அவ்வாண்டு மிகுதியான விபத்துகள் பதிவான மாநிலம் நம் தமிழ்நாடே: 64,105. இவற்றுக்கெல்லாம் விளக்கே காரணம் என்று சொன்னால் அது பொய்யாகும். வேகமும் குடியும் தூக்கமும் செய்யும் கொடுமையே பெரிது. ஆயினும், தைப்பூச நாட்களில் திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில் இரவெல்லாம் சாரை சாரையாக நடக்கும் பக்தர்களையும், ஆகத்து மாதத்தில் வேளாங்கண்ணி நோக்கிக் கொடி பிடித்து நடக்கும் நம்மவர்களையும் நினைத்துப் பாருங்கள். இரு வண்டிகள் ஒன்றையொன்று கூசச் செய்து கடக்கும் அந்த நொடியில், ஓரத்தில் நடப்பவர் இருவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அவர் கையில் பிரைட்டும் இல்லை, டிம்மும் இல்லை.

எல்.இ.டி. என்னும் கண்டுபிடிப்பை நாம் குறைகூறவில்லை. நீல எல்.இ.டி.யை உருவாக்கி வெள்ளொளிக்கு வழி திறந்த ஜப்பானிய அறிஞர்களான அகசாகி, அமானோ, நகமுரா ஆகியோருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது தகுதியானதே. 2007-இல் லெக்சஸ் நிறுவனத்தின் காரில் முதன்முதலாக எல்.இ.டி. முகப்பு விளக்கு பொருத்தப்பட்டபோது, சில்லுக்கென்றே வில்லையும் கூடும் புதிதாக வடிவமைக்கப்பட்டன. அவ்வாறு தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் விளக்கு, குறைந்த மின்சாரத்தில் நல்ல பார்வை தரும். பழைய கூட்டுக்குள் புதிய சில்லைச் செருகுவதுதான் சிக்கல். ஜெர்மனியில் 2020-இல் இத்தகைய மாற்றுப் பல்பு ஒன்றுக்கு முதன்முறையாக அனுமதி தந்தார்கள். அதுவும் எல்லா வண்டிகளுக்கும் அன்று. சோதித்துப் பட்டியலிட்ட கார் வகைகளுக்கு மட்டும்.

நம் சட்டம் இதில் இன்னும் கண்டிப்பானது. எட்டு மீட்டர் தொலைவில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி விளக்கு தாழ்ந்திருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டிய காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் நோக்கமும் இதுவே. தயாரித்தவர் தந்த அமைப்பை மாற்றலாகாது என்று 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ விதிக்கலாம். கேரளம் செல்லும் வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் அறிந்திருப்பது நலம். 2022 அக்டோபரில் பாலக்காட்டு மாவட்டம் வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பேருந்து மோதி, பள்ளி மாணவர் ஐவர் உட்பட ஒன்பது பேர் மாண்டனர். அதற்குக் காரணம் வேகமே. எனினும் அதன் பின்னர் கேரள உயர் நீதிமன்றம், விதிக்குப் புறம்பான விளக்குகளின்மீதும் கடுமையான நடவடிக்கை எடுக்குமாறு ஆணையிட்டது. காய்கறி வாடகையில் மிஞ்சுவது எவ்வளவு என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் மங்கிய விளக்கோடு காலம் தள்ளுவதா? வேண்டாம். நூறு வாட் பல்பு போட்டு ஹோல்டரை உருக்கிக்கொள்ளவும் வேண்டாம். விளக்கு மங்குவதற்குப் பெரும்பாலும் பல்பு காரணமாக இருப்பதில்லை. அதனை அடையும் மின்சாரமே காரணம். நீண்ட மெல்லிய வயரும், பழைய சுவிட்சும், துருப்பிடித்த எர்த்தும் வழியில் மின்னழுத்தத்தைத் தின்றுவிடுகின்றன. பத்து விழுக்காடு அழுத்தம் குறைந்தால் ஆலஜன் பல்பின் ஒளி ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறையும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, ப்யூசும் ரிலேயும் வைத்து, எர்த் முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்யுமாறு நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் சொல்லுங்கள். அதே பல்பு புதுப் பல்பாகிவிடும். முன்கண்ணாடி மஞ்சளித்திருந்தால் பாலிஷ் போடலாம். உள்ளே கிண்ணத்தின் வெள்ளிப் பூச்சு மங்கியிருந்தால், பாலிஷ் உதவாது. நிறுவனத்தின் கூட்டையே மாற்றுவதுதான் வழி.

எல்லாவற்றிலும் முக்கியமானது, நம் சரக்கு வண்டிக்காரர்கள் மறந்துவிடும் ஒன்று: சுமை. விளக்கு தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். மீட்டருக்கு ஒரு செ.மீ. வீதம் ஒளிக்கோடு தாழ்ந்தால் 80 மீட்டரில் தரையைத் தொடும். அதுவே சரியான அளவு. சக்கரங்களுக்கிடையே மூன்று மீட்டர் உள்ள பிக்கப்பில் மூட்டை ஏற்றியதும் பின்புறம் ஐந்து செ.மீ. மட்டும் அமிழ்ந்தாலும், மூக்கு நிமிர்ந்து ஒளிக்கோடு மேல்நோக்கித் திரும்பிவிடும். அதே 80 மீட்டரில் அது விளக்கைவிட அரை மீட்டருக்கு மேல் உயர்ந்து, மொபெட்டில் வருபவரின் முகத்தில் நிற்கும். டிம் போட்டும் எதிர்வண்டிக்காரர் ஏன் விளக்கை வெட்டி வெட்டி ஏசுகிறார் என்று வியப்போர் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

சோதிப்பதும் எளிது. சமதரையில், சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி, வழக்கமான சுமையோடும், சரியான காற்றோடும் வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடுவுயரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்து, அதற்குப் பத்து செ.மீ. கீழே இன்னொரு கோடு போடுங்கள். டிம் விளக்கின் விளிம்பு கீழ்க்கோட்டில் படியும்படி பின்புறத் திருகைத் திருப்பினால் போதும். பல வண்டிகளில் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னாலேயே எண்கள் பொறித்த சிறு திருகு ஒன்று உண்டு. அது இருந்தால் வெற்று வண்டியில், பூச்சியத்தில் வைத்து இச்சோதனையைச் செய்து, சுமை ஏற ஏற எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். சந்தையில் சரக்கை இறக்கியபின் அதனை மீண்டும் பூச்சியத்துக்குத் திருப்ப வேண்டும். இல்லையேல் வெற்று வண்டியில் ஊர் திரும்பும்போது வெளிச்சம் மூக்கடியிலேயே முடிந்து, “பல்பு பத்தவில்லை” என்ற பேச்சு மறுபடியும் தொடங்கிவிடும்.