காலண்டர் அட்டையில் ஒரு ஓட்டை

பழைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து, நடுவில் 5 அங்குல அகலம், 4 அங்குல உயரத்துக்கு ஓட்டை போட்டேன். கொடுங்கையூர் மொட்டைமாடியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்ற கண்ணுக்கு முன்னால் 15 சென்டிமீட்டரில் அதைப் பிடித்தால் குப்பைமேடு, மேலே வட்டமிடும் பருந்துகள், இந்தப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கின. 30க்குத் தள்ளினால் மேடு மட்டும். 9க்கு இழுத்தால் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் லுங்கியும் உள்ளே வந்துவிட்டது.

'லார்ஜ் ஃபார்மட்' எனப்படும் பெரிய பிலிம் கேமராக்காரர்கள் பையிலிருந்து லென்ஸை எடுக்கும் முன் பார்க்கும் பார்வை இது. அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் பிலிமும் 4க்கு 5 அங்குலம், உள்ளங்கையையே மூடிவிடும். போன் கேமராவின் சென்சாரோ சுண்டுவிரல் நகத்தளவு. ஓட்டையும் பிலிமும் ஒரே அளவு என்பதால், கண்ணுக்கும் அட்டைக்கும் உள்ள தூரம்தான் வேண்டிய லென்ஸின் குவியத் தூரம்: தொலைவிலுள்ள காட்சி தெளிவாக விழ, லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே தேவைப்படும் இடைவெளி. 15 செ.மீ. என்றால் 150 மி.மீ. லென்ஸ். கணக்கை அட்டையே போட்டுவிடுகிறது!

லென்ஸை மாற்றினால் மேடு கிட்டே வந்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். வராது. லென்ஸ் எவ்வளவு அடங்கும் என்பதை மட்டுமே சொல்லும். தெருவில் 10 மீட்டரில் ஒரு மின்கம்பம், ஒரு கிலோமீட்டரில் மேடு என்று வையுங்கள். நான் 10 மீட்டர் பின்னால் போனால் கம்பம் பாதியாகச் சுருங்கும். மேட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இப்போது 150க்குப் பதில் 300 மி.மீ. லென்ஸைப் போட்டால் கம்பம் பழைய உயரத்துக்கு வந்துவிடும், மேடு மட்டும் இரண்டு மடங்காகி கம்பத்தின் தலைக்குப் பின்னால் எழுந்து நிற்கும். மேட்டை வளர்த்தது என் கால்கள்.

அந்தப் பெரிய கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால், பின்பக்கத் தேய்த்த கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தெரியும். ஓட்டு வீட்டின் இருட்டறையில், ஓட்டை வழியாகத் தெரு சுவரில் கவிழ்ந்து விழுமே, அதேதான். லென்ஸ் வீசும் படம் தோசை மாதிரி வட்டம்; பிலிம் அதில் ஒரு துண்டைத்தான் எடுத்துக்கொள்கிறது. கோபுரத்தைப் படமெடுக்க கேமராவை அண்ணாந்து வைத்தால் கோபுரம் பின்னால் சாயும். அதனால் கேமராவை நேராக நிறுத்தி, லென்ஸை மட்டும் மேலே ஏற்றுகிறார்கள். தோசையின் வேறு துண்டு கிடைக்கிறது. கோபுரம் நிமிர்ந்தே நிற்கிறது.

பெரிய கேமராவுக்கு நம் ஊரில் பழைய கதை உண்டு. ராயபுரம் ரயில் நிலையம் திறந்த அதே 1856இல் மதராஸ் அரசின் புகைப்படக்காரரானவர் லின்னேயஸ் டிரைப். மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களை மாட்டுவண்டிகளில் சுமந்து தஞ்சை, மதுரை என்று சுற்றினார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12க்கு 15 அங்குலம். அவ்வளவு பெரிய ஓட்டைக்கு என் காலண்டர் அட்டையே போதாது.

1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு அவரைத் திணறடித்திருக்க வேண்டும். முழுவதையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர எட்டப் போய் நின்றால், எழுத்து எறும்பாகிவிடும். டிரைப் கேமராவைச் சுவரோரமாகவே நகர்த்தி நகர்த்தி எடுத்தார். ஒட்டிச் சேர்த்த 21 படங்களின் நீளம் சுமார் 19 அடி.